அக்காவுக்கு எரிச்சல் என்று நான் கண்டுபிடித்த கதை

யாரையும் லேசில் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் பதினைந்து வருடம் இருந்த அக்காவையே ஒரு பின்னேரத்தில் சந்தேகித்தவள் நான். சொந்த அக்கா இல்லை. ஆனால் நான் வேலைக்கு ஓடிய நாட்களில் என் சின்ன மகளைக் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவந்து சோறு தீத்தியவர் அவர்தான்.

ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினோம். புது வீட்டுக் குடிபூரலுக்கு மூன்று நாள் இருக்கையில் அக்கா கதவைத் தட்டினார். உள்ளே வராமல் கொரிடோரிலேயே நின்றார்.

"வாங்கோ அக்கா, தேத்தண்ணி குடிப்பம்."

"வேண்டாம். குடிபூரலுக்கு என்னாலை வரேலாது, குறை நினையாதையும். வேலை. பேந்து ஒருநாள் வாறன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவரும் புருஷனும் வீடு தேடித் தேடிக் களைத்து, கைவிட்டவர்கள். அடுத்தவர் வீட்டைப் பார்த்து எரிச்சல் பிடித்தவர்கள் நல்ல காரியத்துக்கு வரமாட்டார்கள். இவர் வரவில்லை. ஆகவே இவருக்கு எரிச்சல். எங்கே பிழை சொல்லுங்கள் பார்ப்போம்!

அதன் பிறகு கண்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலில் அக்காவைக் காணவில்லை. என் முகத்தில் முழிக்க விருப்பமில்லையாக்கும். குடிபூரலன்று மகள் புது வீட்டுப் படியில் சறுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள். சந்தேகமே இல்லை, கண்ணூறு. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிச் சட்டியில் போட்டேன். புகை அலாரம் கத்தியது.

மகள் சிஜெப்பில் படிக்கிறாள். அந்தக் கல்லூரியில் தத்துவம் கட்டாயப் பாடம்.

"அம்மா, பனி கொட்டினா பஸ் பிந்தும். பஸ் பிந்தினா, பனி கொட்டினபடியால்தான் எண்டு சொல்லேலுமோ? பஸ் பழுதாயும் இருக்கலாமெல்லோ?"

"உன்ரை பாடத்தை அங்கையே வைச்சுக்கொள். மனுசரை எனக்குத் தெரியும்."

ஒரு சிநேகிதி, "அந்த அக்கான்ரை விசயம் தெரியுமோ?" என்று தொடங்கினாள். "அவவின்ரை கதையை என்னட்டை எடுக்காதை" என்று வாயை அடைத்தேன். அக்காவே ஐந்து தரம் போன் அடித்தார். பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இப்போது நல்லவர் வேடம் போடுகிறார் என்று நினைத்தேன்.

ஆறாம் தரம் மகள் எடுத்து என் கையில் திணித்தாள்.

"நாளைக்கு அம்மாவின்ரை முப்பத்தொண்டு," என்றார் அக்கா. "துடக்குக் கழியுது. இனி நான் உம்மட வீட்டை வரலாம்தானே?"

யாழ்ப்பாணத்தில் அவருடைய தாய் இறந்தது, அவர் எங்கள் வாசலில் நின்ற அன்று காலையில். துடக்கு என்றால் சாவுத் தீட்டு; கோயில் இல்லை, நல்ல காரியம் நடக்கும் வீட்டுக்குள் காலடி இல்லை. எனக்குத் தெரியாத வழக்கமா? என் அப்பா செத்தபோது நானும் முப்பத்தொரு நாள் விலகித்தானே இருந்தேன்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"உம்மட நல்ல நாளுக்குள்ளை சாவைக் கொண்டுவரக்கூடாதெல்லோ. பேந்து சொல்லுவம் எண்டு அடிச்சன், நீர் எடுக்கேல்லை. புது வீடு, வேலை கூடவாக்கும் எண்டு நினைச்சன்."

"ஓம் அக்கா, வேலை கூடத்தான்" என்றேன்.

அவர் அதை நம்பினார்.