பனிக்கட்டி ஓட்டலுக்குப் பால் காய்ச்சியாச்சு

இன்று பென்னாகரம் பஸ்ஸில் வரும்போது கணவர் வீடியோ காலில் வந்தார். ஸ்வீடனில், குளிர்காலத்துக்கு மட்டும் பனிக்கட்டியால் கட்டுகிற ஓட்டலில் அவருக்கு வேலை. சுவர், கட்டில் எல்லாமே பனிக்கட்டி.

“கட்டி முடிச்சாச்சு. இன்னிக்கு ராத்திரி எங்களையே படுத்துப் பாக்கச் சொல்றாங்க.”

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த மாமியார் போனைப் பிடுங்கினார்.

“புதுக் கட்டடம். பால் காய்ச்சாம படுக்காதடா!”

“உள்ள அடுப்பு பத்த வெச்சா கட்டடமே உருகிடும்மா” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்காமல் நானே பாலை அடுப்பில் ஏற்றினேன். போனையே பார்த்துக்கொண்டு நின்றதில் பொங்கி வழிந்துவிட்டது.

“பொங்கிருச்சு, இனி பயமில்ல” என்று மாமியார் நிம்மதியாகிவிட்டார்.

ஓட்டல் அங்கே, பால் இங்கே. இது செல்லுமா? தெரிந்தவர்கள், அவர் படுக்கப் போவதற்குள் சொல்லுங்கள்.