தெருவில் மட்டும் பேசும் மாமனார்

என் மாமனார் என்னிடம் பேச மாட்டார். சண்டையெல்லாம் கிடையாது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் பிறந்து வளர்ந்த தன் ஒரே பெண், மணப்பாறைக்காரன் ஒருவனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டதில் அவருக்கு வருத்தம். அந்த வருத்தத்தை மிகுந்த மரியாதையோடு காட்டுவார். கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், வீட்டுக்கும் அழைத்தார். ஆனால் எல்லாமே பெண் மூலமாகத்தான். "அவரை உக்காரச் சொல்லு." "அவருக்கு ஃபேன் போடணுமான்னு கேளு." நான் அந்த ஃபேனுக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பேன்.

நேராகப் பதில் சொன்னால் அது அவர் காதில் விழாது. கூரையைப் பார்ப்பார். நான் சொன்னதையே என் மனைவி ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் தலை அசையும்.

மனைவி பிரசவத்துக்கு அங்கே போனாள். நாங்கள் குடியிருந்த எடமலைப்பட்டி புதூரிலிருந்து நான் சனிக்கிழமைதோறும் போய் ஞாயிறு தங்கி வருவேன். மாமியார் காலமாகிவிட்டதால் சமைப்பதும் பரிமாறுவதும் மாமனார்தான். குழந்தை பிறப்பதற்குள் இந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன, வெறி. பிள்ளைக்கு முன்னாலும் நான் "அவர்" ஆகவே இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அதற்கு வழியை அவரே கொடுத்தார். தினமும் காலையில் பாசுரம் சேவிப்பார். அதைப் பதிவுசெய்து, அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கும் உறவுக்காரர்கள் கேட்கும்படி செய்ய வேண்டுமாம். ஆனால் பொதுவில் போடச் சம்மதம் இல்லை. "பாசுரத்துக்கு நடுவுல பனியன் விளம்பரம் வரது. ஆத்துலேயே வச்சுக்க வழி உண்டான்னு அவர்ட்ட கேளு" என்றார். என் பிழைப்பே அதுதான். ஆபீஸ்களுக்கு சர்வரும் ஃபயர்வாலும் வைத்துக் கொடுப்பவன் நான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

பீரோவின் மேல் பதிவுகளை வைத்துக்கொள்ள ஒரு சின்ன சர்வர், அதற்குக் காவலாக ஒரு ஃபயர்வால். வெளியுலகத்துக்குத் தெரிவது ஃபயர்வாலின் முகவரி மட்டுமே. அந்த முகவரியைத் தேடி வருகிறவர்களை அது உள்ளே சர்வரிடம் அனுப்பிவைக்கும். திருச்சியில் என் ஆபீஸில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன், ஜோராக ஓடியது. வீட்டுக்குள் உட்கார்ந்து மட்டும் சோதிக்கவில்லை.

திறப்பு விழா ஞாயிறு காலை. மாமனார் இஸ்திரி போட்ட வேட்டியும் புதுத் திருமண்ணுமாக ஃபோன் முன்னால் அமர்ந்தார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் அமெரிக்காவிலிருந்து அவர் தம்பி வீடியோ காலில் வந்து, "அண்ணா, திவ்யமா கேக்கறது" என்றார். கொஞ்ச நேரத்தில் பெங்களூரும் பாராட்டியது. பீரோவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த சேவித்தவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"அமெரிக்காவுக்குப் போறது, ஆத்துக்குள்ள வரமாட்டேங்கறதான்னு கேளு."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள் போல மொபைல் நெட் வழியாக வந்து பார்க்கலாம், ஆனால் அந்தப் பழைய வீட்டின் கனத்த சுவர்களைத் தாண்டி சிக்னல் வராது. "தெருவுக்குப் போனா கேக்குங்க மாமா" என்றேன். மனைவி அதைத் திருப்பிச் சொன்னாள். அவர் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டார். நானும் பின்னாலேயே போனேன்.

தெருமுனையில் நின்றதும் ஃபோனில் அவர் குரல் கணீரென்று வந்தது. கண்ணை மூடிக் கேட்டார். தானே தலையாட்டித் தன்னையே ரசித்தார். முடிந்ததும் திரும்பி, "உங்க ஊர் மாட்டுச் சந்தை இன்னும் நடக்கறதோ?" என்றார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மனைவி வீட்டுக்குள் இருந்தாள். தெருவில் வேறு யாரும் இல்லை. என்னைத்தான் கேட்டிருக்கிறார்.

"நடக்குதுங்க மாமா."

"காங்கேயம் காளையெல்லாம் வருமோ?"

"வருங்க மாமா" என்று அடித்துவிட்டேன். பால் பாக்கெட்டுக்கு அப்பால் எனக்கும் மாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. திரும்பி வந்து நிலைப்படியைத் தாண்டியதும் அவர், "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்றார்.

அதிலிருந்து இதுவே வழக்கமாகிப்போனது. ஞாயிறு காலை இருவரும் தெருமுனைக்குப் போவோம், பாசுரம் கேட்போம், மாடு பேசுவோம், வீட்டுக்குள் வந்து ஊமையாகிவிடுவோம். முந்தின நாள் நான் மணப்பாறைக்கு ஃபோன் போட்டு, மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி, எந்தச் சுழி ஆகாது என்றெல்லாம் அப்பாவிடம் பாடம் கேட்பேன். "கம்ப்யூட்டர் வேலை போயிருச்சாடா?" என்று அப்பா கவலையாகக் கேட்டார்.

ஆனாலும் தொழில்காரனுக்கு உறுத்தாமல் இருக்குமா? உள்ளே இருப்பதை உள்ளிருந்தே எடுக்க முடியவில்லை என்பது எனக்கு அவமானமாக இருந்தது. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விடை சாப்பாட்டு இலையில் வந்தது. "சாத்தமுது இன்னும் விடட்டுமான்னு கேளு" என்றார் மாமனார். "போதுங்க மாமா" என்றேன். மனைவியின் வாய் நிறைய அப்பளம். மாமனார் கரண்டியோடு அவளையே பார்த்து நின்றார். அவளிடமிருந்து பதில் வரவில்லை. கரண்டியைச் சாய்த்துவிட்டார். ரசம் இலையைத் தாண்டி என் வேட்டிக்கு ஓடியது.

அப்போதுதான் உறைத்தது. ஃபோன் கேட்பது ஃபயர்வாலிடம். ஃபயர்வால் அதை சர்வரிடம் தள்ளிவிடுகிறது. கேட்டவர் வீட்டு ஆள்தானே என்று சர்வர் நேராகவே பதில் சொல்லிவிடுகிறது. கேட்டது ஒருவரிடம், பதில் இன்னொருவரிடமிருந்து. ஃபோன் அதைக் காதில் வாங்காது. ஃபயர்வால் தன் பெயரிலேயே கேட்டு, பதிலைத் தானே வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இந்தக் கூத்துக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டும் எனக்குப் புரியவில்லை. கை கழுவிவிட்டு ஓடிப்போய் ஃபயர்வாலில் ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன். கூடத்திலேயே பாசுரம் ஒலித்தது.

"வந்துடுத்துன்னு அவர்ட்ட சொல்லு. ரொம்ப சந்தோஷம்னும் சொல்லு" என்றார் மாமனார். பிறகு கூரையைப் பார்த்தார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். இனி அவர் எதற்குத் தெருவுக்கு வரப்போகிறார்? "உங்க சாமர்த்தியத்தை இப்பவே காட்டணுமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த விதியை அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சரியாக ஓடுவதைக் கெடுக்கக் கை வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை, அப்பாவுக்கும் ஃபோன் போடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மாமனார் வாசலில் செருப்பை எடுத்துப் போட்டுவிட்டு, கையில் ஃபோனோடு வந்து என் எதிரில் நின்றார். கூரையைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, இன்னிக்கு மறுபடியும் வரமாட்டேங்கறது. வாங்கோ, தெருவுல போய்ப் பார்த்துட்டு வருவோம்."

அவர் கையிலிருந்த ஃபோனில் அவர் குரல் கணீரென்று பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க மாமா, வரலைதான்" என்று நான் எழுந்தேன்.