மச்சானுக்கு வராத காற்று

காயில்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். எரிந்துபோன ஃபேன் மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக்கம்பி சுற்றிக் கட்டுவது பிழைப்பு. ஊருக்கெல்லாம் காற்று வரவழைக்கிற மனிதர், சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தன் ஃபேனை நிறுத்துவார். அவர் வளர்த்த லவ் பேர்ட்ஸ் ஜோடி கூண்டைவிட்டு வெளியே பறக்கிற நேரம் அது. ஆண் நீலம், பெண் மஞ்சள்.

அவருடைய பயம் கொஞ்சநஞ்சமல்ல. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து புகைந்தால் பறவை மூச்சடைத்துச் செத்துவிடும் என்று யாரோ சொல்ல, புதுச் சட்டி அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போனது. கொசுவர்த்திக்குத் தடை. வாளிக்கெல்லாம் மூடி. பறந்துபோய் முட்டிக்கொள்ளுமென்று நிலைக்கண்ணாடிக்குத் துண்டு போர்த்தியதால், மனைவி குத்துமதிப்பாகத்தான் வகிடு எடுத்தாள். பறக்கிற நேரத்தில் ஃபேன் சுவிட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவார்.

"என்னையும் ஒரு மூடி போட்டு வெச்சுருங்க, பத்திரமா இருப்பேன்" என்பாள் அவள்.

ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய தம்பி வந்தான். காயில்காரர் கூண்டுத் தண்ணீரை மாற்ற உள்ளே போயிருந்தார். மச்சானுக்கு வேர்த்தது. டேப்பை நகத்தால் கிழித்துச் சுவிட்சைப் போட்டான். சத்தம் கேட்டு இவர் ஓடிவந்தபோது நீலம் தரையில் கிடந்தது.

"ஒரு குருவிதானே மாமா! வேற வாங்கிக்கலாம்" என்றான்.

தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காயில்காரர் அழுது ஆறியிருப்பார். அந்த வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

கோடை உச்சத்தில் மச்சான் வீட்டு ஃபேன் எரிந்தது. அதை இவர் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. காயில்காரர் தன் வாழ்நாளிலேயே மிக நேர்த்தியாகக் காயில் கட்டினார். இரண்டு முனைகளை மட்டும் மாற்றி இணைத்தார். இனி அது எதிர்ப்பக்கம் சுற்றும். வேகம் குறையாது, சத்தம் வராது. காற்று மட்டும் கூரைக்குப் போகும். கீழே படுப்பவன் வேக வேண்டியதுதான்.

மறுநாளே போன் வந்தது. "மாமா, ஃபேன் பிசாசாட்டம் சுத்துது. காத்துதான் வரல."

"சுத்துதுல்ல? அப்புறம் என்ன மாப்ள? ஜன்னலத் தொறந்து வை."

போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். டீ கூட அன்றைக்குத் தித்தித்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. வாரம் திரும்புமுன் மச்சான் பையும் தலையணையுமாக வந்து நின்றான். "அக்கா, அங்க வெந்து சாகறேன். வெயில் தணியற வரைக்கும் இங்கதான்."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டுமென்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை. இரவும் பகலும் மச்சான் தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. ஃபேன் ஓட, மஞ்சளால் வெளியே வர முடியவில்லை. முதலில் சாயங்காலமானால் கம்பியில் மோதியது. பிறகு மோதுவதை விட்டுத் தன் மார்பு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. கூண்டின் அடியில் மஞ்சள் இறகுகள் சேர்ந்தன.

அதற்கு மேல் காயில்காரர் பொறுக்கவில்லை. மச்சான் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார், முனைகளைச் சரியாக மாற்றினார், திரும்பி வந்தார்.

"என்ன மாமா கோளாறு?"

"நான்தான் மாத்திக் கட்டினேன். நீ வேகணும்னுதான் கட்டினேன்."

மச்சான் வாயைப் பிளந்தான். "ஒரு குருவிக்காகவா?"

"ஆமாடா. அந்தக் குருவிக்காகத்தான்."

மனைவி புருஷனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு தம்பியின் தலையணையை எடுத்து அவன் பையில் திணித்து, பையை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் போனதும் காயில்காரர் ஃபேனை நிறுத்தினார். இறக்கைகள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து கூண்டைத் திறந்தார். உள்ளங்கையில் தினையை வைத்து நீட்டினார். மஞ்சள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தது. மெல்ல நகர்ந்து கூண்டின் பின்மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

"அவனை இங்க உள்ள விட்டதே தப்பு. அங்கேயே வெந்திருக்கணும்" என்றார் காயில்காரர்.

"கோடை முழுக்க" என்றாள் மனைவி.