ஒரு ரயில் உனக்கு, ஒரு ரயில் எனக்கு

தமிழ்ச்செல்விக்குச் சின்னையனின் மூஞ்சியைக் கண்டாலே ஆகாது. அவனுக்கும் அப்படித்தான். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வாசலில் இருவரும் ஷேர் ஆட்டோ ஓட்டினார்கள். காலையில் தாம்பரம் பக்கமிருந்து ரயில் வந்து நின்றால், கம்பெனி வேலைக்குப் போகிற கூட்டம் இறங்கும். இவள் ஒருத்தன் பையைப் பிடித்து இழுப்பாள். அவன் அதே ஆளின் கையைப் பிடித்து இழுப்பான். அந்த ஆள் இரண்டு பேரையும் உதறிவிட்டு பஸ் ஏறிவிடுவான். இரண்டு ஆட்டோவும் பாதி காலியாகக் கிளம்பும்.

ஒருநாள் தமிழ்ச்செல்விக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னையன் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த ரயில் வந்தபோது அவன் இன்னும் திரும்பவில்லை. கூட்டம் மொத்தமும் இவளுக்கு. மறுநாள் தொண்டை சரியாகியும் முதல் ரயிலுக்கு இவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது ரயிலுக்கு அவன் டீ குடிக்கப் போய்விட்டான். ஒப்பந்தம் முடிவானது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சில மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு காலை, இவளுடைய ரயிலுக்குச் சின்னையன் குறுக்கே புகுந்து ஆளை ஏற்றிக்கொண்டு பறந்தான். அவனுடைய ரயிலுக்கு இவள் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள். அவன் பதிலுக்குப் புகுந்தான். மறுபடி பை இழுப்பு, கை இழுப்பு, பாதி வண்டி. பஸ்காரனுக்குக் கொண்டாட்டம்.

முதலில் சலித்துப்போனவள் தமிழ்ச்செல்விதான். அவன் முறை வந்தபோது ஒதுங்கி நின்றாள். அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

“இன்னாமே, ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் கீறேன். ஏத்திகினு போ. அன்னிக்கு ஏன் என் ரயிலுக்குப் பூந்த?”

“ஒரு பொண்ணு மயக்கம் போட்டு வுழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். கூட வந்தவங்களும் ஏறிகினாங்க.”

“அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“நீ கேக்குற மூஞ்சியாவா நின்ன?”

அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து முறை பழையபடி ஓடியது.

போன மழையில் சின்னையனின் டயர் வெடித்தது. இந்தத் தொழிலே வேண்டாம், வண்டியை விற்றுவிட்டுச் சொந்த ஊர் செய்யூருக்கே போகிறேன் என்று புலம்பினான். தமிழ்ச்செல்வி தன் ஸ்டெப்னியைக் கழற்றி அவன் முன்னால் போட்டாள்.

பூக்கார ராஜத்துக்கு ஆச்சரியம். “இன்னா, திடீர்னு பாசம்?”

“பாசமா? இவன் போனா இந்த எடத்துக்குப் புதுசா ஒருத்தன் வருவான். அவனுக்கு மொதல்லேர்ந்து கத்துக்குடுக்கணும். எனக்கு வேற வேல இல்லியா?”

சின்னையன் நட்டை இறுக்கிக்கொண்டே, ஸ்டெப்னியில் காற்று கம்மி என்று குறை சொன்னான்.