தோக்கோவுக்குத் தைத்த பை

காலை ஆறரைக்குப் பொன்முடியில் பஸ் ஏறினேன். கீழே டவுனில் இருக்கும் கிழக்கேகோட்டைக்கு அறுபது கிலோமீட்டர், எண்பது ரூபாய் டிக்கெட். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். சாக்கை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"சாக்கில எந்தா அம்மச்சி, கொழுந்தா?" என்றான் கண்டக்டர்.

"ஆப்பிரிக்காவுக்குப் போற பை."

"அவ்வளவு தூரம் இந்த வண்டி போகாது கேட்டோ. கிழக்கேகோட்டையில இறங்கிக்கணும்."

"அதுவரைக்கும் ஒழுங்கா ஓட்டச் சொல்லு, போதும்."

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் செல்விக்குக் கழுத்து நிற்காது, உட்கார வராது. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்துப் போடும் பையில், கால் விட இரண்டு ஓட்டை வெட்டி, தலைக்குப் பின்னால் பலகை வைத்துத் தைத்து, அவளை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் தூக்கினேன். பிள்ளை முதுகில், கொழுந்து இடுப்பில். பதினோரு வயது வரை அப்படித்தான் வளர்ந்தாள்.

அப்போது எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஷைனி, இப்போது மலாவி நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே தாய்மார் பிள்ளையைத் துணியால் முதுகில் கட்டுவார்களாம். கழுத்து நிற்காத பெரிய பிள்ளையைக் கட்ட முடியாது. குடிசையில் படுக்கப் போட்டுவிட்டு வயலுக்குப் போவார்கள். படுத்தபடியே ஊட்டினால் கஞ்சி புரையேறி நெஞ்சில் இறங்கிவிடும். அதற்குத்தான் இந்தப் பை. பன்னிரண்டு தைத்தேன், கூலி வாங்கவில்லை.

பெயர் தைக்க வேண்டாம், ஒரு பிள்ளை வளர்ந்தால் பை அடுத்த பிள்ளைக்குப் போகும் என்று ஷைனி சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. ஷைனி போனில் சொன்ன தோக்கோ என்ற ஏழு வயதுப் பிள்ளையின் பையில் சிவப்பு நூலால் பெயர் தைத்தேன். எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எழுதி வாங்கி, பார்த்துப் பார்த்துத் தைத்தேன். முதல் எழுத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஷைனி அதைத் தோக்கோவின் அம்மாவிடம் காட்டினாளாம், அவள் சிரித்தாளாம்.

ஓணத்துக்கு முன்னால் அங்கே போகும் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பச் சொன்னாள். பெயர் தைத்து முடியவில்லை. அரைகுறையாகக் கொடுக்கமாட்டேன், நீ லீவுக்கு வரும்போது என் கையால் தருகிறேன் என்றேன்.

ஒன்பதே காலுக்குக் கிழக்கேகோட்டை. அங்கிருந்து ஷைனி வீட்டுக்கு ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். ஷைனி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், லீவு முடிந்து சாயங்காலம் விமானம். ஒவ்வொரு பையாகத் தையலை இழுத்துப் பார்த்தாள். சிவப்பு நூல் வந்ததும் கை நின்றது.

"அம்மச்சி, இந்தக் குட்டி போயி."

"எங்கே?"

"மரிச்சு போயி. ரெண்டு வாரமாச்சு. கஞ்சி நெஞ்சில இறங்கி, சளி கட்டி. போன்ல சொல்லத் தோணலை."

"ஓணத்துக்கு முன்னாடியே பை போயிருந்தா?"

அவள் பையை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அறியில்ல அம்மச்சி."

பொய் சொல்லத் தெரியாதவள்.

"அதே ஊர்ல வேறொரு குட்டி காத்திருக்கு. பேரு இருக்கட்டும். அங்கே யாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்?"

"தோக்கோ அம்மாவுக்குப் படம் காட்டினே இல்ல? வேற பிள்ளை பையில சிவப்பைப் பார்த்தா அவளுக்குத் தெரியும். கத்தரி குடு."

மூன்று எழுத்தையும் பிரித்தேன். நாற்பது நாள் தைத்தது அரை மணியில் போனது. ஊசித் துளைகள் மட்டும் நின்றன. நகத்தால் தேய்த்துப் பார்த்தேன், மூடவில்லை. அப்படியே கொடுத்தேன்.

ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். விதுரா தாண்டி வளைவு ஏறும்போது செல்வியின் பை நினைவுக்கு வந்தது. அதில் பெயர் இல்லை. காலையில் ஓட்டை வெட்டினேன், அன்றைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.