மேலே இருக்கிறவர் படித்த நாவல்கள்

இரும்புக் கிடங்கில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் அல்ல. லாரி ஓட்டுநர் யாராவது வந்து எப்போது ஏற்றி முடிப்பீர்கள் என்று கேட்டால், கீழே நிற்பவர்கள் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "எல்லாம் மேலே இருக்கிறவர் மனசு வைக்கணும்" என்பார்கள். ஓட்டுநர் ஒரு கணம் விழிப்பார், பிறகு அண்ணாந்து பார்ப்பார். கூரைக்குச் சற்றுக் கீழே, தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கூண்டுக்குள், மூக்குக்கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கியிருக்க, ஐம்பத்து நான்கு வயது ஆள் ஒருவர் நாவல் படித்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கூண்டில் அவருக்கு அது இருபத்தாறாவது வருஷம். காலையில் நாற்பத்திரண்டு படிகள் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். வேலை என்றால் ஓயாத வேலை இல்லை. எட்டு டன் இரும்புச் சுருளை லாரியில் இறக்கி வைத்தபின், கீழே அதைக் கட்ட வேண்டும், தார்ப்பாய் போட வேண்டும், ரசீது சரிபார்க்க வேண்டும், அடுத்த லாரி பின்னால் வந்து நிற்க வேண்டும். அதுவரை கிரேனுக்கு வேலை கிடையாது. அவர் மின்சாரத்தை நிறுத்துவார், சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போடுவார், பிறகுதான் புத்தகத்தை எடுப்பார். கீழேயிருந்து விசில் வந்தால் பாதி வாக்கியத்திலேயே மூடிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு லாரியின் பக்கப்பலகையில்கூட அவர் கையால் ஒரு கீறல் விழுந்தது இல்லை.

படிக்கிற பழக்கமே அந்தக் கூண்டில்தான் தொற்றியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேச ஆளில்லாமல் கூரையில் உள்ள போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருநாள் இருக்கைக்கு அடியில், முன்பு இருந்தவர் விட்டுப்போன ஒரு மர்ம நாவல் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் நாற்பது பக்கங்களும் இல்லை. நாற்பத்தொன்றிலிருந்து படித்தார். கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது. செத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து பழைய பேப்பர் கடைக்காரர் அவருக்கென்று நாவல்களைத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

படித்ததோடு நிற்கிற ஆள் இல்லை. ஒவ்வொன்றைப் பற்றியும் அவருக்கு ஒரு கட்சி இருந்தது. திகில் நாவல் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தொங்கவிடத் தெரியவில்லை என்பார். கொக்கியில் எட்டு டன் தொங்கினாலே போதும், கீழே நிற்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். அதை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுகிறவன் வேலை தெரியாதவன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதவு தானாகத் திறப்பதும், பார்த்தால் பூனை நிற்பதும் அந்த ஆட்டல்தான்.

குற்ற நாவல்களோடு அவருக்கு வேறு வழக்கு. செத்தவரைப் பத்தாம் பக்கத்திலேயே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துப்பறிகிறவருக்குத் தேநீர் கொடுக்கிறார்கள், அவர் சட்டை நிறத்தைச் சொல்கிறார்கள், அழுவதற்குத்தான் ஆள் இல்லை. இன்னொன்று, கொலைகாரன் முக்கால்வாசி நேரம் டிரைவராகவோ காவலாளியாகவோ இருக்கிறான். ஒரு முழு ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்குத் திட்டம் போட்டுக் கொலை செய்ய ஏது தெம்பு என்று கேட்பார். கூலிக்காரன்மேல் பழியைப் போட்டு முடித்த நாவல்களைப் பேப்பர் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஐம்பது வயதுக்கு மேல் அவர் பெரும்பாலும் காதல் நாவல்களையே படித்தார். மூன்றிலும் எழுதக் கஷ்டமானது அதுதான் என்பது அவர் முடிவு. கொலைக்கதையில் விடையை ஒளித்துவைத்துவிட்டு வாசகனை இழுத்துக்கொண்டே போகலாம். காதல் கதையில் எதை ஒளிக்க முடியும்? அட்டையிலேயே இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறார்கள். முடிவு தெரிந்தவனைக் கடைசிப் பக்கம்வரை உட்காரவைக்கிறவன்தான் எழுத்தாளன். அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்து ஆடவும் இல்லை. நாயகன் நாயகியை அறைந்து, அவள் அதில் மயங்கினால் அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவார். நாயகன்கள் எல்லோரும் ஏன் கம்பெனி முதலாளியாகவே பிறக்கிறார்கள் என்பதும் அவருடைய நெடுநாள் புகார்.

இந்தக் கட்சியெல்லாம் வீட்டில் ஒரே ஆளிடம்தான் செல்லும். அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிப் பைகள் தைப்பவர். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது, கதை கேட்க உண்டு. சாயங்காலம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க இவர் கதை சொல்வார். மனைவிக்கு ஒரு நிபந்தனை. கொலைகாரன் யார், கடைசியில் சேர்ந்தார்களா இல்லையா, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் ஊசி கைமேல் ஏறாமல் நிம்மதியாகக் கேட்க முடியும் என்பார். இதனால் எத்தனையோ தடவை இருவருக்கும் மனத்தாங்கல் வந்திருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கிடங்குக்குப் புது மேலாளர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வேலையில் கெட்டிக்காரர், எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுகிறவர். மூன்றாம் வாரம் பாதுகாப்புச் சோதனை என்று அவரே கிரேனில் ஏறினார். கூண்டில் தீயணைப்பான் இருந்தது, முதலுதவிப் பெட்டி இருந்தது, இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு காதல் நாவலும் இருந்தது. அட்டையில் மழையில் நனைந்த ஒரு பெண். மேலாளர் அதை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் காலைக் கூட்டம். வேலை தொடங்குமுன் முப்பது பேரும் வாசலருகே நின்று அன்றைய சரக்கு விவரம் கேட்பது வழக்கம். மேலாளர் சரக்கு விவரத்தை முடித்துவிட்டு, நம் கிடங்கில் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டு, அந்த நாவலை எடுத்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, குரலை மெலிதாக்கி, மூக்கால் இழுத்து, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் படித்தார். அவள் கூந்தலிலிருந்து நீர் சொட்டியது என்ற இடத்தில் தன் தலையையே துவட்டிக் காட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பத்தொன்பது வருஷமாக யாருடைய விசிலுக்கும் கைச்சாடைக்கும் கட்டுப்பட்டுக் கிரேன் ஓடியதோ, கீழே சங்கிலி மாட்டுகிற அந்தக் கொக்கிக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மேலே இருக்கிறவருக்கு முதலில் காது சூடேறியது. கொக்கிக்காரர் சிரிப்பதைப் பார்த்ததும் சூடு இறங்கி நெஞ்சு கனத்தது. பிறகு அந்தக் கனமும் போய் ஒரே ஒரு எண்ணம் நின்றது. ஒரு நல்ல பக்கத்தை இந்த ஆள் நாசம் பண்ணுகிறார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "குடுங்க சார். நீங்க தப்பாப் படிக்கிறீங்க" என்றார்.

மேலாளர் சிரித்தபடியே கொடுத்துவிட்டார். இவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கத்தின் தலையிலிருந்து தொடங்கினார். குரலை உயர்த்தவும் இல்லை, குழைக்கவும் இல்லை. சுமை எடையைச் சொல்கிற அதே குரல்.

"அவள் கதவருகே வந்து நின்றாள். தட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இதே கதவைச் சாத்திவிட்டுப் போனது அவள்தான். கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. உள்ளே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவனுக்கு இடது கால் வழங்காது என்பதை அவள் கடிதத்தில்தான் அறிந்திருந்தாள். அவன் கதவுவரை வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் முழுவதும் இங்கேயே நிற்பது என்று மட்டும் முடிவு செய்தாள்."

பக்கம் முடியும்வரை படித்தார். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவர் புத்தகத்தை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லி ஏணியை நோக்கி நடந்தார்.

கொக்கிக்காரர் அன்று மதியம்வரை தாங்கினார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சங்கிலி பற்றி ஏதோ பேசினார், வெயில் பற்றிப் பேசினார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணே, அவன் கதவைத் திறந்தானா?"

"படிச்சுத் தெரிஞ்சுக்கோ. சிரிச்சவனுக்கெல்லாம் நான் கதை சொல்றதா இல்ல."

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அவர் இரண்டு பக்கம் எழுதினார். மின்சாரத்தை நிறுத்திச் சாவியை எடுத்தபின்தான் படிப்பது, இருபத்தாறு வருஷத்தில் ஒரு விபத்தும் இல்லாதது, தொலைபேசிக்குத் தடை இருந்தும் புத்தகத்துக்கு எந்த விதியிலும் தடை இல்லாதது, எல்லாவற்றையும் எழுதினார். மேலாளர் அவரை அறைக்கு அழைத்து, இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டாம், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். தாளில் ஒரே வரிதான் இருந்தது. பணி நேரத்தில் நாவல் முதலான தரமற்ற நூல்களை வாசிக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.

அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். கூண்டில் படிக்கக் கூடாது என்றால் படிக்கவில்லை, அது உங்கள் இடம் என்றார். ஆனால் தரமற்ற என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும்.

மேலாளருக்குச் சிரிப்புதான் வந்தது. "ஒரு வார்த்தைதானே. இதுக்குப் போயா?"

"ஒரு வார்த்தைதானே சார். அடிச்சிடுங்க."

"அதுக்கில்ல. இதெல்லாம் தரமான புத்தகம்னு நீங்க சொல்றீங்களா?"

"சிலது தரமானது, சிலது குப்பை. எது எதுன்னு எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். நீங்க எத்தனை படிச்சிருக்கீங்க?"

தான் இந்த மாதிரிப் புத்தகங்களைத் தொடுவதில்லை என்று மேலாளர் சற்று விறைப்பாகச் சொன்னார். அப்படியானால் இந்த வரியை எழுதும் தகுதி உங்களுக்கு இல்லை, படித்த நான் இதில் கையெழுத்துப் போடவும் முடியாது என்று சொல்லிவிட்டு இவர் எழுந்துகொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவரைக் கிரேனிலிருந்து இறக்கி வாசல் எடைமேடைக்கு மாற்றினார்கள். லாரி வரும்போது எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுக்கும் வேலை. உயரத்தில் வேலை செய்வதற்கான படித்தொகை நின்றுபோனது. அதற்கு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஊரில் எல்லோரும் எதெதற்கோ கையெழுத்துப் போடுகிறார்கள், இவர் மட்டும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்தத் தாளில் இருந்ததை அப்படியே சொல்லச் சொன்னார். இவர் சொன்னார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இருபது வருஷமா அந்தக் கதையெல்லாம் நானும்தானே கேட்டேன். அப்போ என்னையும் சேர்த்துத்தானே சொல்றார் அவர்" என்றார். பிறகு, "போடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

அவர் போடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மேலாளர் அந்தத் தாளை மேசைமேல் வைப்பார், இவர் பார்த்துவிட்டு வருவார். எடைமேடையில் உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. தரையில் எல்லாமே மிகப் பக்கத்தில் இருந்தது. தூசியும் புகையும் கண்ணை எரித்தன. சுருள்கள் இறங்கும் ஓசையைக் கேட்டே, மேலே இருக்கிற புது ஆள் கைப்பிடியை எவ்வளவு முரட்டுத்தனமாக இழுக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு ஓசைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வார். விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் என்ன என்று இரண்டு மூன்று முறை தோன்றாமல் இல்லை. தோன்றிய நாளில் பேப்பர் கடையில் வழக்கத்தைவிட ஒரு நாவல் கூடுதலாக வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

ஏழாவது மாதம் புது ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்குள் இரண்டு லாரிக்காரர்கள் பக்கப்பலகை நசுங்கியதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேலாளர் இவரை அழைத்தார். அதே தாள். தரமற்ற என்ற சொல்லின்மேல் நீல மையில் ஒரு கோடு, ஓரத்தில் மேலாளரின் சுருக்கொப்பம். மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மிச்சம் இருந்த வரியை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். கூண்டுக்குள் அதன்பின் புத்தகம் ஏறவில்லை. லாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார், அது அவருக்குப் பெரிய இழப்புதான். சாப்பாட்டு நேரம் பணி நேரம் அல்ல என்பதை மட்டும் சட்டப்படி விசாரித்து வைத்திருந்தார். அந்த அரைமணி நேரத்தில் இறங்கிவந்து, மேலாளர் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, அட்டை வெளியே தெரிய நாவலை உயர்த்திப் பிடித்துப் படித்தார். கொக்கிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வேறொன்று படித்தார். அவருக்குக் கொலைக்கதைதான் பிடித்தது. செத்தவனுக்காக யாரும் அழவில்லையே என்று ஒருநாள் அவரே கேட்டபோது, இவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

அந்த முதல் வாரம் அவர் மரப்பெட்டியில் உட்கார்ந்து படித்த காதல் நாவல் உண்மையில் படுமோசம். நாயகன் முதலாளி, நாயகிக்குப் பேச்சே கிடையாது, நடுவில் ஒரு விபத்து, ஒரு ஆள்மாறாட்டம். தரமற்ற நாவல் என்று அவரே கூசாமல் சொல்வார். யார் கேட்டாலும் சொல்வார், மேலாளர் கேட்டாலும் சொல்வார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அவர் படித்திருந்தார்.