கல்வெட்டில் எழுதாத வரி

1986 வைகாசியில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். என் அறையைப் பகிர்ந்தவருடைய தம்பி, சித்திரையில் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டு இறந்திருந்தான். அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவன். கொன்றது இராணுவமல்ல, அதே அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்த இன்னோர் இயக்கம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு எங்கள் வழக்கப்படி கல்வெட்டு வேண்டும்: இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி, இறந்த திதியை வெண்பாவில் பதியும் சிறு நினைவு நூல். திகதிகளில் பிழை விடாதவன் என்று அதை என்னிடம் தந்தார்கள். கையில் பஞ்சாங்கம் இல்லை. டேனிஷ் நாட்காட்டியில் பௌர்ணமிக்குப் போட்டிருந்த வட்டத்திலிருந்து எண்ணினேன். அட்சய வருடம், சித்திரை, தேய்பிறைப் பஞ்சமி.

அந்த வாரம் நூலகத்தில் எடுத்த வரலாற்றுப் புத்தகம் ஒன்றை அகராதியோடு வாசித்துக்கொண்டிருந்தேன். எழுநூறு ஆண்டுகளுக்கு முன், நாங்கள் இருந்த இதே யூலாந்துப் பகுதியில், பிரபுக்களைப் பகைத்துக்கொண்ட அரசன் ஒருவனை ஒரு களஞ்சியத்தில் வைத்துக் குத்திக் கொன்றிருக்கிறார்கள். அதைப் பதிந்த துறவி, கொன்றவர்கள் அவனுடைய ஆட்களே என்று எழுதினார், பெயர்களை எழுதவில்லை. நானும் வெண்பாவின் மூன்றாம் அடியில் 'தன்னவர் கையால்' என்று வைத்தேன். துறவியின் கதையையும் அறைத்தோழருக்குச் சொன்னேன்.

"ஆமி சுட்டதெண்டு மாத்துங்கோ அண்ணை."

"அண்டைக்கு ஆமி முகாமை விட்டு வெளிக்கிடேல்லை. நீர்தானே சொன்னனீர்?"

"சொன்னனான். இது ஊருக்கும் போகும். அம்மா தனிய இருக்கிறா. உங்கடை துறவிக்கு உந்தக் கரைச்சல் இல்லை. மனிசி இல்லை, பிள்ளை இல்லை. தாயும் எப்பவோ செத்திருப்பா" என்றார்.

பொய் எழுத மாட்டேன் என்றேன். உண்மையை எழுத அவர் விடவில்லை. கடைசியில் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, அங்கே ஊரின் பெயரை வைத்துத் தளையைச் சரிசெய்தேன்.

அந்தியேட்டியன்று, சமைத்த குசினியிலேயே படைத்தோம். சுட்ட இயக்கத்துக்கு இங்கே வேலை செய்யும் இருவர் எஸ்பியர்க்கிலிருந்து ரயிலேறி வந்தார்கள். நாங்கள் அழைக்கவில்லை, வந்தவர்களை வாசலில் நிறுத்தவும் முடியவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிய பின் ஒருவன் கல்வெட்டை எடுத்து, நின்றபடியே கடைசிப் பக்கம்வரை வாசித்தான். அறைத்தோழர் பாயசக் கரண்டியோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கிறியள் அண்ணை" என்றான் என்னிடம். பிறகு அவரிடம் திரும்பினான். "அம்மாவுக்கு ஒண்டு அனுப்பவேணும் என்ன? தாங்கோ, எங்கடை ஆக்கள் கொண்டுபோய்க் குடுப்பினம்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.